தீவகத்துப் பக்கங்களும் சமாந்தரக் கட்டளைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலில் பரந்து கிடக்கும் தீவகத்தின் எழுத்து வரலாறு பெரிய நூல்களைக் காட்டிலும் சிறு வெளியீடுகளிலேயே அதிகம் தங்கியிருக்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய ஊர்களின் பாடசாலை மலர்கள், ஆலயக் குடமுழுக்கு மலர்கள், சனசமூக நிலைய வெளியீடுகள், இறந்தவர் நினைவாக அந்தியேட்டியில் வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூல்கள் ஆகியவற்றில்தான் ஊர்களின் வமிசவழிகளும், குளங்களும் துறைகளும் பெற்ற பெயர்களும், கடல் வணிகத்தில் ஈடுபட்ட குடும்பங்களின் செய்திகளும் பதிவாகியுள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையும், 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தமையும் இத்தகைய வெளியீடுகளின் எஞ்சிய பிரதிகளை உலகெங்கும் சிதறடித்தன. 2005 ஆம் ஆண்டில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் வழங்கி இணையத்தில் வைக்கும் ‘நூலகம்’ போன்ற எண்ணிம நூலக முயற்சிகள், அப்பிரதிகளை மீண்டும் ஓரிடத்தில் படிக்கக்கூடியனவாக ஆக்கி வருகின்றன.

எண்ணிமமாக்கம் என்பது ஒளிவருடியில் பக்கத்தை வைத்துப் படமெடுப்பதுடன் முடிந்துவிடுவதில்லை. எடுத்த ஒவ்வொரு படத்தின் சாய்வையும் நேராக்க வேண்டும், ஓரத்தை வெட்ட வேண்டும், கோப்பின் அளவைக் குறைக்க வேண்டும், எழுத்துணரி எனப்படும் மென்பொருளுக்குக் கொடுத்துப் படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய பனுவலாக மாற்ற வேண்டும். 240 பக்கங்களைக் கொண்ட ஒரு மலருக்கு இவ்வேலை 240 முறை நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் செயல் ஒன்றே, பக்கம் மட்டுமே வேறு. இப்படி ஒரே செயலைப் பட்டியலொன்றின் எல்லா உறுப்புகளின் மீதும் நிகழ்த்தும் கட்டளைகள், உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலும் பலவற்றை ஒரே நேரத்தில் எடுத்தாலும் ஒரே விடையைத் தருகின்றனவா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய நுணுக்கமாகத் தோன்றும் இக்கேள்வியில்தான், ஒரு கல்வெட்டில் அச்சான வமிசவழி தலைமுறை மாறாமல் அடுத்த நூற்றாண்டைச் சென்றடையுமா என்பதும் அடங்கியிருக்கிறது.

கட்டளைகளை எழுத்து வடிவில் பெற்று, அவற்றுக்குரிய நிரல்களை இயக்கி, விடையைத் திரும்பக் காட்டும் இடைமுகமே ஷெல் எனப்படுகிறது. யுனிக்ஸ் இயங்குதளத்துக்குக் கென் தாம்சன் எழுதிய ஷெல் 1971 இல் அதன் முதற் பதிப்புடன் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகச் செலுத்தும் ‘பைப்’ எனப்படும் குழாய், டக்லஸ் மெக்கில்ராயின் நெடுநாள் வலியுறுத்தலின் பேரில் 1973 இல் அதில் சேர்க்கப்பட்டது. சுட்டியால் சொடுக்கி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடும் வேலையை ஒரே வரிக் கட்டளையால் முடிக்க இயல்வதால்தான், பல்லாயிரம் கோப்புகளைக் கையாளும் ஆவணக் காப்பகங்கள் இன்றும் ஷெல்லை நாடுகின்றன. பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு செயலைப் பொருத்தி விடைகளின் பட்டியலைப் பெறும் முறையை நிரலாளர்கள் ‘மேப்’ என்று அழைப்பர். 1960 இல் ஜான் மெக்கார்த்தி வெளியிட்ட லிஸ்ப் மொழிக் கட்டுரையிலேயே அதன் முன்வடிவம் காணப்படுகிறது. இம்முறையில் விடைப் பட்டியலின் மூன்றாம் இடத்தில் இருப்பது உள்ளீட்டின் மூன்றாம் உறுப்புக்கான விடையே என்பது எவரும் எழுதிவைக்காமலே எல்லோரும் நம்பும் உடன்பாடு.

அந்த உடன்பாட்டைச் சோதனைக்கு உள்ளாக்கியது புரொசசரில் நேர்ந்த மாற்றம். 2000களின் நடுப்பகுதி வரை ஆண்டுதோறும் உயர்ந்துவந்த கடிகார வேகம், வெப்பத்தின் காரணமாக ஒரு நிலையில் தேங்கிவிடவே, உற்பத்தியாளர்கள் ஒரே சில்லில் ‘கோர்’ எனப்படும் கணிப்பலகுகள் இரண்டையும் நான்கையும் எட்டையும் வைக்கத் தொடங்கினர். இன்று எளிய மடிக்கணினியிலும் நான்கு கோர்கள் இருப்பது இயல்பு. ஒரு பக்கத்தை எழுத்துணர 10 வினாடி ஆகும் எனக் கொண்டால், 240 பக்கங்களுக்குத் தொடர்முறையில் 40 நிமிடம் செல்லும். நான்கு கோர்களும் ஆளுக்கொரு பக்கமாக எடுத்துக்கொண்டால் 10 நிமிடத்தை நெருங்கலாம். இந்தச் சமாந்தர முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வேலையில் பத்தில் ஒரு பங்கு எவ்வகையிலும் பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது என்பதை 1967 இல் ஜீன் அம்டால் விளக்கினார். ஆயினும் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைச் சார்ந்திராத எண்ணிமமாக்க வேலை, சமாந்தரத்துக்கு மிக இணக்கமான வேலைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

சிக்கல் முதலில் தலைகாட்டுவது வரிசையில். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு படகு முதலிலும் நயினாதீவுக்கு ஒரு படகு அதன் பின்னரும் புறப்பட்டால், பின்னால் புறப்பட்ட நயினாதீவுப் படகே முன்னதாகக் கரை சேர்வது போல, சமாந்தரமாக ஏவப்பட்ட வேலைகளும் ஏவப்பட்ட வரிசையில் முடிவதில்லை. ஒளிப்படம் மட்டும் உள்ள பக்கம் விரைவில் முடிகிறது. சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சான பக்கம் காலம் எடுக்கிறது. மை மங்கிய பக்கம் அதனினும் அதிகம் எடுக்கிறது. முடிந்தவுடன் விடையை வெளியே விடும் கட்டளை, எட்டாம் பக்கத்தின் பனுவலை ஐந்தாம் பக்கத்துக்கு முன் வைத்துவிடும். ஒவ்வொரு விடையும் தன் உள்ளீட்டின் பெயரைத் தாங்கித் தனிக் கோப்பில் எழுதப்பட்டால் இதனால் தீங்கில்லை. எல்லா விடைகளும் ஒரே ஓடையில் சேர்ந்து ஒரே பனுவற் கோப்பாகும்போதுதான் நூல் குலைகிறது. ஊர்காவற்றுறையின் கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்த, 1679 இல் அச்சான அந்தாவோ த புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைப் போன்ற நூலாயின், பக்கங்கள் குலைந்தாலும் அகரவரிசை அவற்றை மீட்டுத் தரும். பக்க எண்ணே அச்சிடப்படாத சிறு கல்வெட்டொன்றில், யாருடைய மக்கள் யார் என்னும் பட்டியல் இரண்டு பக்கங்களில் தொடர்கையில், குலைந்த வரிசையை அந்தக் குடும்பத்தார் அன்றி வேறு எவரும் திருத்த இயலாது. அவர்களும் திருத்துவதற்கு முதலில் பிழை இருப்பதை அறிய வேண்டும்.

வரிசை மாறுவதைக் காட்டிலும் கொடியது பனுவல் இடைகலத்தல். பட்டியலை வாங்கி ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கட்டளையை ஏவும் ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ என்னும் பழைய யுனிக்ஸ் கருவியின், குனூ என்னும் மென்பொருள் திட்டம் தரும் பதிப்பில், ‘பி’ என்னும் தெரிவைச் சேர்த்து ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்று குறிக்கலாம். ஆயின் அக்கருவி வேலைகளின் வெளியீடுகளைப் பிரித்து வைப்பதில்லை. அவை அனைத்தும் ஒரே வாய்க்காலில் நேரடியாகப் பாய்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில், குழாயொன்றில் ஒரே மூச்சில் எழுதப்படும் துண்டு 4,096 பைட்டுகளுக்குள் இருந்தால் அது இன்னொரு வேலையின் எழுத்துடன் கலவாமல் முழுமையாகச் செல்லும் என்னும் உறுதி உண்டு. அதைத் தாண்டினால் அவ்வுறுதி இல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு பைட்டு போதும் என்பதால், 2,000 எழுத்துகள் கொண்ட ஆங்கிலப் பக்கம் அவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகிறது. தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘கொ’ என்னும் ஓர் எழுத்துக்கே இரண்டு புள்ளிகள், ஆக ஆறு பைட்டுகள். அதே அளவு தமிழ்ப் பக்கம் எல்லையை எளிதில் தாண்டி இரு துண்டுகளாக எழுதப்படுகிறது; இரு துண்டுகளுக்கும் இடையே வேறொரு பக்கத்தின் பனுவல் நுழையக்கூடும்; துண்டு வெட்டுப்படும் இடம் ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே அமைந்தால் அந்த எழுத்தே சிதைந்து பொருளற்ற குறியாகத் தோன்றும். ஆங்கிலப் பக்கங்களைக் கொண்டு சோதித்துச் செம்மையாக இருக்கிறது என்று முடிவுகட்டிய கட்டளை, தமிழ்ப் பக்கங்களில் மட்டும் தவறுவதற்கு இப்படியொரு வழி இருக்கிறது. கருவிகளைப் பிறமொழிச் சூழலிலிருந்து பெறும் தமிழ் ஆவணக்காரர் இதனை அறிந்திருத்தல் மிக அவசியம்.

இக்குறைகளுக்குத் தெளிவான விடையைத் தந்த கருவி, ஓலே தாங்கே என்பவர் எழுதி 2010 இல் குனூ திட்டத்தில் இணைந்த ‘குனூ பேரலல்’ ஆகும். ஒரு வேலையின் வெளியீடு முழுவதும் முடியும் வரை அதைத் தனியே சேர்த்து வைத்து, பின்னரே ஒரே தொகுதியாக வெளியே விடுவது அதன் இயல்பு நிலை. எனவே இரண்டு பக்கங்களின் பனுவல் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ‘கீப்-ஆர்டர்’ என்னும் தெரிவைச் சேர்த்தால் தொகுதிகளும் உள்ளீட்டின் வரிசையிலேயே வெளிவரும். கலவாமை கேட்காமலே கிடைக்கிறது, வரிசை கேட்டால் மட்டுமே கிடைக்கிறது என்னும் இந்த வேறுபாட்டைப் பயனர் நினைவில் வைத்திருக்க வேண்டியிருப்பது ஒரு சுமைதான்.

இவை ஷெல்லுக்கு வெளியே நிற்கும் துணைக் கருவிகள். அண்மைக்கால ஷெல்கள் சமாந்தரத்தைத் தம் சொந்த மொழியின் ஒரு பகுதியாகவே கொண்டுள்ளன. அதனால் இரு முறைகளும் ஒத்திருக்கின்றனவா என்னும் கேள்வி அங்கே இன்னும் கூர்மை பெறுகிறது. 2019 இல் அறிமுகமாகி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு வரும் ‘நூஷெல்’, தொடர்முறைக்கு ‘ஈச்’ என்றும் சமாந்தரத்துக்கு ‘பார்-ஈச்’ என்றும் இரட்டைக் கட்டளைகளை வைத்திருக்கிறது. ஒரு சொல்லின் முன் மூன்றெழுத்தைச் சேர்த்தால் வேலை விரைவாக நடக்கும் என்னும் எண்ணத்தையே இந்தப் பெயரிடல் பயனருக்கு ஊட்டுகிறது. ஆனால் ‘பார்-ஈச்’ தன் இயல்பு நிலையில் வரிசையைக் காப்பதில்லை. அதற்கும் ‘கீப்-ஆர்டர்’ என்று கேட்க வேண்டும். அத்தெரிவின் சுருக்க எழுத்து ‘கே’. ‘ஈச்’ கட்டளையிலும் ‘கே’ என்னும் சுருக்கம் உண்டு. அங்கே அதன் பொருள் ‘கீப்-எம்ப்டி’, அதாவது வெற்று விடைகளையும் பட்டியலில் வைத்திரு என்பது. இரட்டையராகப் பிறந்த இரு கட்டளைகளில் ஒரே எழுத்து இரு வேறு பொருள் தருவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பயனரை எந்த எச்சரிக்கையும் தடுப்பதில்லை; கட்டளை இரண்டு வடிவிலும் பிழையின்றி ஓடும், விடை மட்டும் வேறாகும்.

வெற்று விடை என்பது சிறிய செய்தி அன்று. மலர்களில் எழுத்தே இல்லாத பக்கங்கள் ஏராளம்: முழுப்பக்க ஒளிப்படம், அட்டையின் உட்புறம், பிரிவுகளுக்கு இடையே விடப்பட்ட வெற்றுத்தாள். அத்தகைய பக்கத்துக்கு எழுத்துணரி எதையும் தராதபோது, அந்த இடத்தை வெறுமையாகக் காட்டும் கட்டளை ஒரு வகை, அந்த இடத்தையே நீக்கிவிடும் கட்டளை இன்னொரு வகை. 37 ஆம் பக்கம் நீக்கப்பட்டால் 38 ஆம் பக்கத்தின் பனுவல் 37 ஆம் படத்துடன் இணைகிறது. அதன் பின்வரும் ஒவ்வொரு பக்கமும் ஓரிடம் முன்னகர்கிறது. தேடலில் கிடைத்த பெயரைச் சொடுக்கும் வாசகர் தவறான பக்கத்தில் போய் நிற்கிறார். 240 உள்ளீடுகளுக்கு 240 விடைகள் என்னும் எண்ணிக்கை உறுதி வரிசையைப் போலவே அடிப்படையானது. இரு முறைகளும் இவ்விடயத்தில் ஒன்றுபோல் நடந்தாலன்றி, விரைவுக்காகக் கட்டளையை மாற்றியவர் தம்மை அறியாமலே நூலின் கட்டமைப்பையும் மாற்றியவர் ஆகிறார்.

அடுத்த வேறுபாடு நினைவகத்தைப் பற்றியது. வேலை நடக்கையில் எத்தனை பக்கங்கள் சரியாக வரவில்லை என்று ஒரு மாறியில் எண்ணிக்கொண்டே செல்வது தொடர்முறையில் இயல்பான வழக்கம். மைக்ரோசாப்ட்டின் பவர்ஷெல்லில் ‘ஃபார்ஈச்-ஆப்ஜெக்ட்’ என்னும் கட்டளைக்குள் அந்த எண்ணிக்கையைக் கூட்டினால், வெளியே உள்ள மாறியே கூடுகிறது. 2020 இல் வெளியான பவர்ஷெல் 7 அக்கட்டளைக்குப் ‘பேரலல்’ என்னும் தெரிவைச் சேர்த்தது. இயல்பு நிலையில் ஒரே வேளையில் ஐந்து வேலைகளை ஓட்டும் அத்தெரிவில், ஒவ்வொரு வேலையும் தனித்த சூழலில் இயங்குவதால் வெளியே உள்ள மாறியை அது காண்பதே இல்லை. மாறியின் மதிப்பைப் பெறுவதற்கு ‘யூசிங்’ என்னும் முன்னொட்டை எழுத வேண்டும். அமர்வில் வரையறுத்த செயற்கூறுகளும் உள்ளே எட்டா. விளைவாக, தவறிய பக்கங்களின் எண்ணிக்கை பிழைச்செய்தி ஏதுமின்றிச் சுழியமாகவே நிற்கிறது. சுழியம் என்பது காப்பாளருக்கு மிகவும் ஆறுதலான எண். அந்த ஆறுதலின் பேரில் மூலப்பிரதி உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டால், தவறிய பக்கத்தை மறுபடி படமெடுக்க வாய்ப்புக் கிட்டாமலே போகலாம்.

இவ்விடயத்தில் நூஷெல் மேற்கொண்ட முடிவு பாராட்டுக்குரியது. அதன் மாறிகள் இயல்பாகவே மாற்றவியலாதவை. மாற்றக்கூடியதாக வெளிப்படையாக அறிவித்த மாறியையும் ‘ஈச்’ முதலிய கட்டளைகளுக்குக் கொடுக்கும் செயற்கூற்றுக்குள் எடுத்துச் செல்ல அது அனுமதிப்பதில்லை. முயன்றால் ஓடுவதற்கு முன்னரே பிழை காட்டி நிறுத்துகிறது. கோப்புறையை மாற்றுவது போன்ற சூழல் மாற்றங்களும் அந்தச் செயற்கூற்றின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. சமாந்தரத்தில் இயலாத ஒன்றைத் தொடர்முறையிலும் தடைசெய்வதால் தொடக்கத்தில் கை கட்டப்பட்டது போன்ற உணர்வு எழலாம். ஆயினும் இரு முறைகளும் ஒரே பொருள் தரும் பாதை இதுவே. ஒன்றில் இயங்கி மற்றொன்றில் மௌனமாகத் தவறும் வசதியைக் காட்டிலும் இரண்டிலும் மறுக்கப்படும் வசதி நேர்மையானது.

தொடர்முறையே எப்போதும் நம்பத்தக்கது என்று இதிலிருந்து கருதிவிடலாகாது. தீவகத்து முதியவர்களின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளை வேறு வடிவத்துக்கு மாற்ற, கோப்புப் பெயர்களை வரிவரியாகப் படிக்கும் ‘வைல்’ சுழற்சிக்குள் ‘எஃப்எஃப்எம்பெக்’ நிரலை இட்டால், அந்நிரல் விசைப்பலகை உள்ளீட்டை எதிர்பார்த்து, மீதமுள்ள கோப்புப் பெயர்களைத் தானே விழுங்கிவிடும். முதற் பதிவு மட்டும் மாறி, சுழற்சி அமைதியாக முடிந்துவிடும். அதே பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக ஏவினால், அது ஒவ்வொரு வேலைக்கும் வெற்று உள்ளீட்டையே கொடுப்பதால் இத்தவறு நேராது. ஆகவே எந்த முறை செம்மையானது என்று கேட்பது போதாது. இரண்டுக்கும் பொதுவான நெறி எது என்று வகுத்த பின்னரே, ஒவ்வொன்றையும் அந்நெறிக்கு உட்படுத்த முடியும்.

அந்த நெறியில் அதிகக் கவனம் வேண்டுவது தோல்வியின் போது நிகழ வேண்டியது பற்றிய பகுதி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறை என்னும் ஊர்காவற்றுறைக்கு வரும் மரக்கலங்கள் உடைந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே வரையறுக்கிறது: யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலமாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உரியவருக்கும், வணிகப் பண்டம் ஏற்றி வந்த கலமாயின் இருவருக்கும் செம்பாதி. கலம் உடைந்த பிறகு கரையில் நின்று பங்கு பேசுவதற்கு இடம் வைக்காத சட்டம் அது. பல வேலைகளை ஒன்றாக ஏவும் கட்டளைக்கும் இத்தகைய முன்வரையறை இன்றியமையாதது.

தொடர்முறையில் 37 ஆம் பக்கத்தில் பிழை நேர்ந்து வேலை நின்றால், 36 வரை முடிந்தது, 38 முதல் தொடங்கவில்லை என்பது தெளிவு. சமாந்தரத்தில் அதே கணத்தில் 38 உம் 39 உம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கலாம், 41 முடிந்தே இருக்கலாம், 35 இன்னும் முடியாதிருக்கலாம். கருவிகள் இந்நிலையைப் பலவாறு கையாளுகின்றன. ஏவப்பட்ட நிரல், தான் முடிந்த விதத்தைத் தெரிவிக்கும் நிலைக்குறியீடாக 255 ஐத் தந்தால் மட்டுமே எக்ஸ்ஆர்க்ஸ் மேற்கொண்டு உள்ளீட்டைப் படிக்காமல் நிறுத்துகிறது. 1 முதல் 125 வரையான குறியீடுகள் வந்தால் பட்டியலை இறுதிவரை முடித்து, 123 என்னும் பொதுக் குறியீட்டைத் தருகிறது. எத்தனை தவறின என்பது அதிலிருந்து தெரியாது. குனூ பேரலல் தவறிய வேலைகளின் எண்ணிக்கையையே 100 வரை நிலைக்குறியீடாகத் தருகிறது, 101 எனில் நூற்றுக்கு மேல் தவறியுள்ளன என்று பொருள். முதற் பிழையிலேயே நிறுத்த வேண்டுமா, ஓடிக்கொண்டிருப்பவற்றை முடியவிட்டு நிறுத்த வேண்டுமா என்பதையும் பயனரே குறிக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்பது வேலையைப் பொறுத்தது. எனினும் ஒரே ஷெல்லின் இரட்டைக் கட்டளைகளிடம் ஒன்றையேனும் எதிர்பார்ப்பது நியாயம்: இரண்டு பக்கங்கள் பிழைபட்டால், கடிகாரப்படி எது முதலில் பிழைபட்டது என்பதைப் பாராமல், பட்டியலில் முன்னிற்கும் பக்கத்தின் பிழையையே இரண்டு கட்டளைகளும் முதலில் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே வேலையை மீண்டும் ஓட்டும்போது ஒரே செய்தி கிடைக்கும். செய்தி ஒவ்வொரு முறையும் மாறினால் பிழையின் காரணத்தைத் தேடுபவர் வழிதவறுவார்.

வேலை இடையில் அறுபடுவதும் தோல்வியின் ஒரு வகையே. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் மின்வலையுடன் இணையாமல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள்; அவற்றுக்குச் சூரிய, காற்று மின் கலவை நிலையங்களை இந்திய நன்கொடையில் அமைக்கும் உடன்படிக்கை 2024 இல்தான் கைச்சாத்தானது. மின்சாரம் நின்று திரும்பும்போது, தொடர்முறை வேலையை எங்கிருந்து தொடர்வது என்பதற்கு ஓர் எண் போதும்; சமாந்தர வேலைக்கு முடிந்தவற்றின் முழுப் பட்டியல் வேண்டும். குனூ பேரலலின் ‘ஜாப்லாக்’ தெரிவு ஒவ்வொரு வேலையின் முடிவையும் குறிப்பேட்டில் பதிந்து, ‘ரெஸ்யூம்’ என்றதும் முடிந்தவற்றைத் தவிர்த்து மற்றவற்றை ஓட்டுகிறது. அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பை முடிந்த கோப்பாக மயங்காதிருக்க, விடையைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் எழுதிய பின்னரே உரிய பெயருக்கு மாற்றுவது இரு முறைகளுக்கும் பொருந்தும் நல்வழக்கம்.

வரிசையைக் காப்பது இவ்வளவு நன்மையாயின் கருவிகளை ஆக்குவோர் அதை ஏன் இயல்பு நிலையாக்குவதில்லை என்னும் கேள்வி எழும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முதற் பக்கம் மிகவும் மங்கலாக இருந்து நெடுநேரம் எடுத்தால், பின்வரும் பக்கங்கள் முடிந்தும் வெளிவர முடியாமல் நினைவகத்தில் காத்திருக்க வேண்டும். பட்டியல் முடிவற்ற ஓடையாயின் அக்காத்திருப்பு நினைவகத்தையே நிரப்பிவிடும். முடிந்ததை உடனே காண விரும்புபவருக்கும் அது இடையூறு. ஆயினும் வரிசையின் விலை நினைவகமும் சிறிது காத்திருப்பும் மட்டுமே; வரிசையின்மையின் விலையோ கண்ணுக்குத் தெரியாத பிழை. பைத்தான் மொழியின் தரநூலகத்தில், பல வேலைகளை ஒன்றாக ஏவும் ‘மேப்’ செயற்கூறு விடைகளை உள்ளீட்டு வரிசையிலேயே தருகிறது. வரிசை வேண்டாதவர் ‘ஐமேப்-அன்ஆர்டர்ட்’ என்னும் வேறொரு செயற்கூற்றை நாட வேண்டும். அதன் பெயரே எதைக் கைவிடுகிறோம் என்பதை எழுதுபவரின் கையாலேயே எழுதவைக்கிறது. பாதுகாப்பானது கேட்காமல் கிடைக்க வேண்டும், ஆபத்தானது கேட்டால் மட்டுமே கிடைக்க வேண்டும் என்னும் அந்த ஏற்பாடு ஷெல்களுக்கும் பொருந்துவதே முறை. ஷெல்லைப் பயன்படுத்துவோருள் பலர் நிரலாளர் அல்லர். கோயில் மலரொன்றை இரவல் வாங்கி வந்து மாலைக்குள் முடிக்க முயலும் தன்னார்வலரும் அவர்களுள் ஒருவர். கையேட்டின் அடிக்குறிப்பில் கிடக்கும் தெரிவை அவர் அறிந்திருப்பார் என்று எதிர்பார்த்து ஒரு கருவியை ஆக்குவது பொறுப்பாகாது.

விரைவு தானாகவே வந்துவிடும் என்று எண்ணுவதற்கும் ஒரு திருத்தம் தேவை. தமிழை அறிந்த எழுத்துணரிகளுள் பரவலாகப் பயன்படும் ‘டெசராக்ட்’, ஒரு பக்கத்துக்கே தனக்குள் ‘இழை’ எனப்படும் பல உட்பணிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் தன்மையது. நான்கு பக்கங்களை ஒன்றாக ஏவினால், நான்கு கோர்களுக்காகப் பதினாறு இழைகள் வரை போட்டியிட்டு வேலை எதிர்பார்த்ததைவிட மெதுவாகலாம். ‘ஓஎம்பி-த்ரெட்-லிமிட்’ என்னும் சூழல் மாறியை 1 என வைத்து உள்ளிழைகளை நிறுத்திய பின்னரே வெளியே உள்ள சமாந்தரம் பயன் தரும்.

இரு முறைகளும் ஒத்திருக்கின்றனவா என்பதைச் சோதிப்பது கடினமன்று. ஒரே கோப்புறையைத் தொடர்முறையிலும் சமாந்தரத்திலும் இயக்கி, இரு விடைகளுக்கும் ‘ஷா-256’ என்னும் இலக்கச் சுருக்கத்தைக் கணித்து ஒப்பிட்டால், ஒரு பைட்டு வேறுபட்டாலும் சுருக்கங்கள் முற்றிலும் வேறாகத் தெரியும். ஆனால் ஒருமுறை ஒத்துவந்ததைக் கொண்டு முடிவுகட்டலாகாது. எல்லாப் பக்கங்களும் ஏறத்தாழ ஒரே நேரம் எடுத்தால் வரிசை தற்செயலாகவே அமைந்துவிடும். எனவே முதற் பக்கத்தின் வேலைக்குச் செயற்கையாகச் சில வினாடித் தாமதத்தைச் சேர்த்து அதைக் கடைசியில் முடியச் செய்ய வேண்டும். நடுவே ஒரு வெற்றுத்தாளையும் திறக்க முடியாதபடி சேதமான ஒரு படக்கோப்பையும் வேண்டுமென்றே வைக்க வேண்டும். குறைந்தது ஒரு பக்கமாவது 4,096 பைட்டுகளைத் தாண்டும் தமிழ்ப் பனுவலாக இருக்க வேண்டும். இந்நான்கையும் தாங்கி ஒரே விடையைத் தரும் கட்டளையைத்தான் ஆவணப் பணிக்கு ஏற்கலாம்.

கருவி எதுவாயினும், பக்கத்தின் அடையாளத்தைக் கோப்பின் பெயரிலேயே பதிப்பது முதற் காப்பு. 1, 2, 10 எனப் பெயரிட்டால் ஷெல் அவற்றை எழுத்துவரிசையில் அடுக்கி 10 ஐ 2 க்கு முன் வைக்கும். இக்குலைவு சமாந்தரம் தொடங்கும் முன்னரே நேர்ந்துவிடுகிறது. 001, 002, 010 என்று இடம் நிரப்பிப் பெயரிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் பனுவலையும் அதே எண்ணுடைய தனிக் கோப்பில் எழுதி, வெற்றுப் பக்கத்துக்கும் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கி, எல்லாம் முடிந்த பின் கோப்புகளின் எண்ணிக்கையைப் படங்களின் எண்ணிக்கையுடன் சரிபார்த்து, அதன் பிறகே தொடர்முறையில் ஒன்றாகச் சேர்த்தால், விரைவு வேண்டிய பகுதி சமாந்தரமாகவும் வரிசை வேண்டிய பகுதி தொடராகவும் நடக்கும். சேர்க்கும் பகுதிக்குச் செல்வது சில வினாடிகளே.